அடித்துத் திருத்திய அழகு

முதலில் அந்தத் தலைப்பைப் பாருங்கள். கறுப்பு ஸ்கெட்ச் பேனா, கொட்டை எழுத்து. அளவுகோல் பக்கத்தில் வந்த அடையாளமே இல்லை. ஓர் எழுத்து நிமிர்ந்து நிற்கிறது. அடுத்தது தோழமையோடு அதன் தோளில் சாய்கிறது. 'ஸ்னிஃபின் க்ளூ' என்று பத்திரிகைக்குப் பெயர். ரமோன்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் முதல் இசைத்தட்டில் உள்ள ஒரு பாட்டின் தலைப்பிலிருந்து உரிமையோடு எடுத்துக்கொண்ட பெயர். 1976 ஜூலையில் லண்டனில் வெளிவந்த இந்த முதல் இதழின் அட்டையை அலங்கரிப்பது வெறும் கையெழுத்துதான். நம் பள்ளிக்கூடங்களில் நாலு பையன்கள் கூடி நடத்தும் கையெழுத்துப் பத்திரிகையில் இருக்குமே ஒரு துடிப்பு, ஓர் அவசரம், ஒரு பெருமிதம், அத்தனையும் அந்தக் கோடுகளில் ஓடுகிறது.

இன்னும் கொஞ்ச நேரம் அந்த எழுத்துகளிலேயே நிற்கலாம், அவசரமில்லை. பயிற்சி பெற்ற ஓவியர் ஒருவர் இதே தலைப்பை வரைந்திருந்தால் கோணம் கச்சிதமாக இருந்திருக்கும். இடைவெளி சீராக இருந்திருக்கும். இந்தக் கையிலோ பேனா தாளைத் தொட்ட வேகம் அப்படியே தெரிகிறது. பாட்டைக் கேட்டுவிட்டு உட்கார்ந்த கை அது. நெஞ்சில் இன்னும் தாளம் அடங்காத ஒருவன்தான் இப்படி எழுத முடியும்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் மார்க் பெர்ரி. அப்போது வயது 19. தென்கிழக்கு லண்டனில் டெப்ட்ஃபர்ட் என்ற உழைப்பாளர் பகுதியைச் சேர்ந்தவர், ஒரு வங்கியில் குமாஸ்தா. ரமோன்ஸ் மாதிரியான இசையைப் பற்றிப் படிக்க ஏதாவது பத்திரிகை உண்டா என்று, சோஹோவில் இருந்த 'ராக் ஆன்' இசைத்தட்டுக் கடையில் விசாரித்தார். அப்படி எதுவும் இல்லை, வேண்டுமானால் நீயே ஒன்று ஆரம்பி என்று அங்கிருந்தவர்கள் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார்கள். அவர் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். சின்ன வயதில் கிடைத்த குழந்தைகள் டைப்ரைட்டர் ஒன்று இருந்தது. காதலியின் அலுவலகத்தில் ஜெராக்ஸ் இயந்திரம் இருந்தது. தலைப்புக்கு ஸ்கெட்ச் பேனா, தாள்களைச் சேர்க்க ஸ்டேப்ளர். முதலில் எடுத்தது ஐம்பது பிரதிகள். மொத்தம் வந்த பன்னிரண்டு இதழ்களையும் சேர்த்து 2000ஆம் ஆண்டு ஒரே புத்தகமாக மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். கடல் கடந்து, காலம் கடந்து வரும் என் போன்ற வாசகர்களுக்கு அந்தப் புத்தகம்தான் வாசல்.

அந்த இளைஞரை இந்தப் பாடுபடுத்திய இசை எது என்று கேட்டுவிட்டு மேலே போவதுதான் முறை. ரமோன்ஸின் முதல் தட்டு 1976 ஏப்ரலில் வந்தது. பதினான்கு பாட்டு, மொத்தமாக அரை மணி நேரம்கூட இல்லை. ஹெட்ஃபோனில் கேளுங்கள். பேஸ் கிட்டார் ஒரு காதில், மற்றொரு கிட்டார் மறு காதில். அறுபதுகளின் தொடக்கத்தில் பீட்டில்ஸ் பாடல்களை ஸ்டீரியோவில் பிரித்து வைத்தார்களே, அந்தப் பழைய பிரிப்பு. ஒரு பக்கத்தை மூடினால் டீ டீ ரமோனின் பேஸ் நெஞ்சுக்கூட்டில் இடிக்கும். மறுபக்கத்தை மூடினால் ஜானி ரமோனின் வலது கை தெரியும். மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே, ஒவ்வொரு அடியும் கீழ்நோக்கியே விழும் அந்த ஓயாத கை. சாதாரணமாக வாசிப்பவர்கள் கீழே ஓர் அடி, மேலே ஓர் அடி என்று சிரமத்தைப் பாதியாக்கிக்கொள்வார்கள். ஜானி அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அந்த ஓசைக்கு அப்படியொரு சமநிலை. சுவர் எழுப்புவதைப்போல ஒரே உயரம், ஒரே அடர்த்தி. அந்தச் சுவருக்கு மேலே பாடகர் ஜோயி ரமோனின் குரல் எவ்வளவு மென்மையாக, எவ்வளவு கூச்சத்தோடு மிதக்கிறது! முரட்டு இசை என்று ஒதுக்கியவர்கள் அந்தக் குரலின் கனிவைக் காதில் வாங்கவே இல்லை. பெர்ரி வாங்கிக்கொண்டார். 1976 ஜூலை 4 அன்று ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் ரமோன்ஸ் லண்டன் மேடையேறினார்கள். அந்த மாதமே இதழும் வந்துவிட்டது.

இனி உள்ளே வாருங்கள். பக்கங்களில் எனக்கு மிகப் பிரியமான இடம், சொல்லை அடித்த இடம்தான். டைப்ரைட்டரில் பிழை விழுந்தால் அதன்மேல் எக்ஸ் எழுத்தை வரிசையாகத் தட்டி மூடுவது அந்தக் காலத்துப் பழக்கம். பிறகு வேறொரு தாளில் திருத்தமாக அடித்து, அதைத்தான் அச்சுக்கு அனுப்புவார்கள். பெர்ரிக்கு அந்த இரண்டாவது தாள் தேவைப்படவில்லை. தப்பாக விழுந்த எழுத்து அங்கேயே இருக்கிறது, அதன்மேல் எக்ஸ் வரிசை இருக்கிறது, அதை ஒட்டியே சரியான சொல் ஓடிவருகிறது. வாக்கியம் தடுக்கி விழுந்து, எழுந்து, புழுதியைத் தட்டிவிட்டுக்கொள்ளாமலே மேலே ஓடுகிறது. ஒரு கருத்து பிறக்கிற கணத்தை நாம் கண்ணால் பார்க்கிறோம். தேர்ந்த விமர்சகரின் கட்டுரையில் இந்தக் காட்சி கிடைக்காது. அவர் தயங்கிய இடம் எது, மனம் மாறிய இடம் எது என்பதெல்லாம் கையெழுத்துப் பிரதியோடு குப்பைக்கூடைக்குப் போய்விடுகின்றன. நமக்கு வந்து சேர்வது முடிந்த தீர்ப்பு மட்டும். இங்கே தீர்ப்பின் வியர்வை காயவில்லை. காகிதத்தைத் தொட்டால் விரல் ஈரமாகிவிடுமோ என்று தோன்றும்.

இலக்கணமும் அப்படித்தான். வாக்கியங்கள் பாதியில் புள்ளிவைத்து இளைப்பாறுகின்றன. ஆச்சரியக்குறிகள் கூட்டமாக வருகின்றன. வசைச்சொற்கள் வாதம் செய்ய வேண்டிய இடத்தில் வாதத்துக்குப் பதிலாக வந்து நிற்கின்றன. ஆனால் உரக்க வாசித்துப் பாருங்கள். ரமோன்ஸ் பாட்டின் நீளத்துக்குத் தோதான மூச்சு அந்த உரைநடைக்கு இருக்கிறது. இரண்டு நிமிடப் பாட்டுக்கு இரண்டு பக்க முன்னுரை எழுதினால் பாட்டு மூச்சுத்திணறும். அவர் எழுதிய பத்திகளோ பாட்டு முடிவதற்குள் முடிந்துவிடுகின்றன. பொருளுக்கும் நடைக்கும் இவ்வளவு இசைவாகப் பொருத்தம் அமைவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

விமர்சகர்களைப் பற்றிய அவருடைய மனத்தாங்கலை இந்த நடையோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் அழகு புரியும். அன்றைய பிரிட்டனில் இசைக்கென்றே வாரம்தோறும் கனமான பத்திரிகைகள் வந்தன. என்.எம்.ஈ., மெலடி மேக்கர், சவுண்ட்ஸ் மூன்றும் முக்கியமானவை. பெர்ரியும் அந்த வார இதழ்களைப் படித்து வளர்ந்தவர்தான். அங்கே செவியுள்ளவர்கள் இல்லாமலில்லை. மெலடி மேக்கரில் கேரலைன் கூன் இந்தப் புதிய குழுக்களைப் பற்றி ஆரம்பத்திலேயே அக்கறையோடு எழுதினார். இளம் எழுத்தாளர்கள் வேண்டும் என்று அந்த ஆண்டு விளம்பரம் கொடுத்த என்.எம்.ஈ., ஜூலி பர்ச்சிலையும் டோனி பார்சன்ஸையும் சேர்த்துக்கொண்டது. பர்ச்சிலுக்கு அப்போது வயது 17. பெர்ரியின் குறை வேறு. இந்த இசையை அரங்கின் பின்வரிசையில் நின்று, இதற்கு முன் வந்ததோடு ஒப்பிட்டு, எடைபோட்டு எழுதுகிறார்களே என்பதுதான் அவர் ஆதங்கம். அவர் நின்றது மேடைக்கு முன்னால், வியர்வைக்கு நடுவில். அங்கிருந்து பார்ப்பவருக்குக் கிட்டார்க்காரரின் விரலில் ரத்தம் கசிவது தெரியும். இசை வரலாற்றில் அவருக்கு எந்த நாற்காலி என்பது தெரியாது. இரண்டு பார்வையும் வேண்டியவைதான். ஆனாலும் மேடைக்கு முன்னாலிருந்து பார்க்கும் பார்வையில் உள்ள அந்தச் சூடு, அந்த நெருக்கம், எனக்கு எப்போதும் ஒரு படி மேலே.

சரி, முதல் இதழில் ரமோன்ஸுக்குப் பக்கத்தில் யார் இடம்பிடித்திருக்கிறார்கள் தெரியுமா? ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட். நீண்ட கிட்டார் பகுதிகள், கனத்த மேடை ஒளி, மர்மக் கதை போன்ற வரிகள் என்று இருந்த அமெரிக்க ஹெவி ராக் குழு. ஓராண்டு கழித்து வந்த பங்க் ரசிகர் எவரும் இந்த இரண்டையும் ஒரே அட்டையில் போடத் துணிந்திருக்க மாட்டார். பெர்ரி போட்டார், எந்தக் கூச்சமும் இல்லாமல். இரண்டும் அவருக்குப் பிடித்தவை. அதற்கு மேல் காரணம் கேட்க அந்த அட்டையில் இடமில்லை. எனக்கு இந்தப் பக்கவாட்டு இருப்பு ரொம்ப இனிப்பாக இருக்கிறது. இயக்கம் என்று பெயர்சூட்டி எல்லைக்கோடு கிழிப்பதற்கு முந்தைய நாட்கள் அவை. கொடி இன்னும் தைக்கப்படவில்லை. பாட்டு மட்டும் இருந்தது. ஒரு ரசிகரின் இசைத்தட்டு அலமாரி எப்படி இருக்கவேண்டுமோ அப்படி அந்த முதல் இதழ் இருக்கிறது.

எல்லைக்கோடு பிறகு வந்தது. 1976 டிசம்பர் 1 அன்று பில் கிரண்டி நடத்திய மாலைநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினர் வசைச்சொற்களைக் கொட்ட, மறுநாள் நாளிதழ்கள் அலறின. அதோடு பங்க் என்பது நாடறிந்த கோலமாகிவிட்டது. கிழிந்த சட்டை, சேப்டி பின், கூரான தலைமுடி. பாட்டைக் கேட்டு வந்தவர்களைவிடப் படத்தைப் பார்த்து வந்தவர்கள் கூடிப்போனார்கள். இந்த இடத்தில் பெர்ரியின் பள்ளித் தோழரும் பத்திரிகையில் அவரோடு கைகோத்தவருமான டேனி பேக்கரின் ஒரு செயலைச் சொல்லாமல் போக முடியாது. 1977 ஆகஸ்ட் 16 அன்று எல்விஸ் பிரெஸ்லி இறந்த செய்தி லண்டன் வோர்டெக்ஸ் கிளப்புக்கு வந்தபோது கூட்டத்தில் சிலர் ஆரவாரம் செய்தார்கள். பழையது எதுவானாலும் தொலையட்டும் என்பதுதான் அன்றைய மோஸ்தர். பேக்கர் மேடையேறி அவர்களைக் கண்டித்தார். எல்விஸ் இல்லாவிட்டால் இந்த மேடையே இல்லை என்பது அவருக்குத் தெரியும். பங்க் பத்திரிகைக்காரர் ஒருவர், பங்க் கிளப்பில், பங்க் கூட்டத்துக்கு முன்னால், போன தலைமுறையின் பாடகருக்காக நிற்கிறார். வெள்ளம் போகும் பக்கம் போகாத அந்த இருபது வயதுக் கம்பீரத்தை நினைத்து நினைத்து மகிழலாம்.

இப்போது க்ளாஷ் விஷயம். இதைத்தான் நான் ஆற அமர அனுபவிக்கிறேன். 1977 ஜனவரியில் க்ளாஷ் குழு சி.பி.எஸ். என்ற பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒரு லட்சம் பவுண்டு என்று பேச்சு. பெர்ரிக்கு அடிவயிற்றில் விழுந்த அடி. கையெழுத்துப் போட்ட அன்றே பங்க் செத்துப்போனது என்கிற பொருளில் அவர் சொன்னது இசை வரலாற்றுப் புத்தகங்களிலெல்லாம் ஏறிவிட்டது. ஆனால் புத்தகங்கள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. நாம் இன்னும் சில பக்கம் புரட்டுவோம். ஏப்ரலில் க்ளாஷின் முதல் தட்டு வந்தது, அதே சி.பி.எஸ். முத்திரையோடு. பெர்ரி கேட்டார். கேட்டுவிட்டு, தங்கள் வாழ்க்கையின் அசிங்கங்களையும் உண்மையையும் ஒருசேரக் காட்டும் கண்ணாடி என்று அதைக் கொண்டாடி எழுதினார். இதுவரை வந்த இசைத்தட்டுகளிலேயே தமக்கு இதுதான் முக்கியமானது என்கிற அளவுக்குப் போனார். முந்தைய கோபத்தை வாபஸ் வாங்கவில்லை. இரண்டையும் சமரசப்படுத்த ஒரு விளக்கப் பத்தி எழுதவில்லை. கோபம் ஒப்பந்தத்தின் மேல். காதல் பாட்டின் மேல். இரண்டும் உண்மை, இரண்டும் முழு வேகத்தில்.

அதில் உள்ள நேர்மையின் மெல்லிய இழையைக் கவனியுங்கள். தாம் சொன்ன ஒன்றைக் காப்பாற்றுவதற்காகக் காதைப் பொத்திக்கொள்ளும் சுபாவம் எந்த ரசனைக்காரருக்கும் எளிதில் வந்துவிடும்; பெயர் பெற்ற விமர்சகருக்கு இன்னும் எளிதில். மூன்று மாதத்துக்கு முன் இறந்துபோனது என்று அறிவித்த ஒன்று தம் அறையில் பாடுகிறது என்றால், அதை ஒப்புக்கொள்ள ஒரு பெருந்தன்மை வேண்டும். பெர்ரியின் காது அவருடைய கொள்கையைவிட நல்ல காது. கொள்கை முந்திக்கொள்ளும்போதெல்லாம் காது வந்து அதன் கையைப் பிடித்து நிறுத்துகிறது. டைப்ரைட்டரில் தப்பான சொல்லின்மேல் எக்ஸ் போட்டுச் சரியான சொல்லைப் பக்கத்திலேயே வைத்தாரே, அதே காரியத்தைத்தான் இங்கே இதழ் அளவில் செய்திருக்கிறார். இந்தப் பத்திரிகையின் உயிர்நாடி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் தொட்டுக்காட்டுவேன்.

ஐந்தாம் இதழிலும் ஒரு நயம் உண்டு. நாங்கள் எழுதுவதோடு திருப்தியடைந்துவிடாதீர்கள், போய் உங்களுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்குங்கள் என்று வாசகர்களை அதில் விரட்டுகிறார். வாசகரைக் கட்டிப்போடத்தான் பத்திரிகைகள் பாடுபடும். இவர் வாசலைத் திறந்து வெளியே அனுப்புகிறார். கிளாஸ்கோவைச் சேர்ந்த டோனி டிரேட்டன் என்ற இளைஞர் எழுதிக் கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு, நீயே ஒன்று ஆரம்பி என்று அனுப்பினார். 'ரிப்டு அண்டு டோர்ன்' பிறந்தது. இசைத்தட்டுக் கடையில் தமக்குப் பேச்சுவாக்கில் கிடைத்ததை அவர் மனதாரத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பின்னாளில் 'போக்ஸ்' குழுவால் புகழ்பெற்ற ஷேன் மெக்கவனும் அப்போது 'பாண்டேஜ்' என்று ஒன்று நடத்தினார்.

1977 ஜனவரியில் வந்த 'சைட்பர்ன்ஸ்' என்ற இன்னொரு பத்திரிகையில் ஒரு சித்திரம் இருக்கிறது. அதை மட்டும் தனியே சட்டம்போட்டு மாட்டலாம். கிட்டார் கழுத்தின் கட்டங்கள் மூன்று. முதலில் ஏ கார்டு, அடுத்து ஈ, பிறகு ஜி. விரல் வைக்கவேண்டிய இடங்களில் புள்ளிகள். கீழே, இனிப் போய்க் குழு அமைத்துக்கொள் என்கிற பொருளில் ஒரு வரி. அவ்வளவுதான். பாடத்திட்டமும் அதுவே, பட்டமளிப்பும் அதுவே. அந்தப் புள்ளிகளை அச்சு வார்த்ததுபோல வட்டமாக இடவில்லை, கையால் தொட்டுவைத்திருக்கிறார்கள். கட்டங்களின் கோடுகளும் கையில் இழுத்தவை. இதைப் பார்த்த எந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும் நம்மாலும் வரையமுடியும் என்று தோன்றும், அடுத்த நொடியே நம்மாலும் வாசிக்கமுடியும் என்றும் தோன்றும். இந்தச் சித்திரம் 'ஸ்னிஃபின் க்ளூ'வில் வந்ததாகவே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தவறான நினைவுகூட எனக்கு அழகாகத்தான் படுகிறது. பெர்ரி கையால் வரையாவிட்டாலும் மனசால் வரைந்ததுதானே.

ஐம்பது பிரதியில் தொடங்கிய பத்திரிகை பதினைந்தாயிரம் வரை போனது. அந்த உயரத்தில், 1977 ஆகஸ்ட்-செப்டம்பருக்கான பன்னிரண்டாம் இதழோடு, பெர்ரி அதை நிறுத்திக்கொண்டார். வங்கி வேலையை முன்பே விட்டிருந்தார். 'ஆல்டர்னேட்டிவ் டிவி' என்று சொந்தக் குழு அமைத்திருந்தார். கடைசி இதழோடு அந்தக் குழுவின் பாட்டைத் தாங்கிய, வளைந்துகொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று இலவசமாகப் போனது. 'லவ் லைஸ் லிம்ப்' என்று பாட்டு.

அதைக் கட்டாயம் கேளுங்கள். பங்க் பத்திரிகைக்காரரின் முதல் பாட்டு என்றதும் எவரும் எதிர்பார்ப்பது ரமோன்ஸ் வேகத்தைத்தான். அந்த ஓராண்டில் ஆயிரம் குழுக்கள் அந்த வேகத்தில்தான் வாசித்துக்கொண்டிருந்தன. இந்தப் பாட்டு அவசரப்படுவதே இல்லை. ரெகே நடையில் தளர்ந்து, சோம்பல் முறித்து, அடிக்கு அடி இடைவெளி விட்டு நகர்கிறது. கோவென்ட் கார்டனில் இருந்த ராக்சி கிளப்பில், குழுக்கள் மேடையேறும் இடைவேளைகளில் டி.ஜே. டான் லெட்ஸ் ஜமைக்கா நாட்டு ரெகே தட்டுகளைத்தான் சுழலவிடுவார். போடுவதற்குப் பங்க் தட்டுகளே அவ்வளவாக இல்லாத காலம். அந்த இரவுகளில் காதில் ஊறியது இங்கே வெளிப்பட்டிருக்கிறது. பெர்ரியின் குரல் பாடுவதற்கும் பேசுவதற்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. ஸ்வரத்தை எட்டிப்பிடிக்க மெனக்கெடுவதில்லை, உணர்ச்சியை ஊதிப் பெருக்குவதுமில்லை. பேஸ் கிட்டார் ஒலிக்கும் அந்த அகலமான இடைவெளிகளில் ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக இறக்கிவைக்கிறார். முதல் முறை சொற்களுக்காகக் கேளுங்கள். இரண்டாம் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை, குரல் தாளத்துக்குச் சற்றே பின்தங்கி வந்து சேரும் இடங்களில் காதை வையுங்கள்.